சேவல் வண்டி

2018ஆம் ஆண்டு விடுமுறையில் கட்டாரிலிருந்து வந்த என் தம்பி, ஒரு ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 மோட்டார் சைக்கிள் வாங்கினான். மூன்று மாதம் ஆசை தீர ஓடினான். திரும்பிப் போகும் நாளில் திறப்பை என் கையில் வைத்து, "காக்கா, கிழமைக்கு ஒருக்காலாவது ஸ்டார்ட் பண்ணி வைங்க. யாருக்கும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினான்.

எனக்கு அந்த வண்டியில் பெரிய நாட்டம் இருக்கவில்லை. பாடசாலைக்குப் போய்வர என்னிடம் ஒரு பழைய நூறு சிசி வண்டி இருந்தது. அது குறைவாகப் பெற்றோல் குடிக்கும். தம்பியின் வண்டியோ ஏறத்தாழ 190 கிலோ பாரம். எங்கள் மணல் ஒழுங்கையில் அதைத் திருப்புவதென்றால் ஒரு மாட்டைத் திருப்புவது போல. ஆனால் அமானிதமாகத் தந்த பொருள். கவனிக்காமல் விட முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்கு முன் அதை வெளியே எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

நான் துடைக்கும்போது வாப்பா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். வாப்பா எந்த மோட்டார் சைக்கிளைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பிறகு அப்படித்தான்.

*

மன்னார்த் தீவில் எங்கள் ஊரில் வாப்பாவிடம் ஒரு பி.எஸ்.ஏ. பாண்டம் வண்டி இருந்தது. 123 சிசி, மூன்று கியர். இளம் பச்சை நிறம். பெற்றோல் தாங்கியின் இரு பக்கமும் வெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டை. அதில் ஒரு சின்னச் சேவலின் படம். பாண்டம் என்றால் ஒரு குட்டைக் கோழி இனம் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. சேவல் இருந்ததால் 'சேவல் வண்டி' என்றார்கள். வாப்பாவுக்கும் 'சேவல் வண்டிக்காரர்' என்று பேர் விழுந்தது.

ஊர்ப் பெண்கள் இழைத்த பன்பாய்களைச் சுருட்டிக் கட்டி, பின்னால் கரியரில் குறுக்காக வைத்து, வாப்பா பாலத்தால் பெருநிலத்துக்குப் போவார். உயிலங்குளம், முருங்கன் பக்கமெல்லாம் விற்றுவிட்டு மஹ்ரிபுக்கு முன் வந்துவிடுவார். வண்டிச் சத்தம் கேட்டால் உம்மா அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பா. இரண்டு ஸ்ட்ரோக் வண்டி என்பதால் பெற்றோலோடு ஒயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்தப் புகை மணமும் பன்பாயின் மணமும் கலந்ததுதான் எனக்கு வாப்பாவின் மணம்.

அந்த வண்டியின் சரித்திரத்தைப் பிற்காலத்தில்தான் வாசித்தேன். உண்மையில் அது ஜெர்மன்காரரின் வண்டி. டி.கே.டபிள்யூ. நிறுவனம் ஆர்.டி. 125 என்று செய்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மனி தோற்றதும் அதன் வரைபடங்கள் வென்ற நாடுகளின் கைக்குப் போயின. இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. அதைப் பாண்டம் என்று 1948இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும் ரஷ்யர்களும் அதே மாதிரியில் செய்தார்கள். ஜப்பானில் யமஹா 1955இல் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் அதன் வழிவந்ததுதான். யுத்தத்தில் தோற்றவனிடமிருந்து எடுக்கப்பட்ட ஒரு பொருள் கைமாறிக் கைமாறி எங்கள் முற்றம் வரைக்கும் வந்திருக்கிறது. அதை வாசித்த அன்று நீண்ட நேரம் புத்தகத்தை மூடாமல் இருந்தேன்.

ஏனென்றால் எங்கள் முற்றத்திலிருந்தும் அது எடுக்கப்பட்டது. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 75,000 வரையான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட கதையை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எழுதியவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்போது பத்து வயது. என் நினைவில் நிற்பது ஒரே ஒரு காட்சி. எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது வாப்பா வேப்பமரத்தடியில் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதைச் சாரனின் மடியில் செருகிக்கொண்டார். பிறகு ஒரு பழைய பாயால் வண்டியை மூடினார். வண்டியை எடுப்பவன் எடுக்கட்டும், உடனே ஓட மட்டும் முடியாது என்று நினைத்தாரோ, நாலு நாளில் திரும்பி வருவோம் என்று நினைத்தாரோ, தெரியாது. நான் கேட்டதில்லை.

தோணியில் கல்பிட்டிக்கு வந்து இறங்கினோம். தென்னந்தோட்டத்தில் ஓலைக் கொட்டில். உம்மா கொண்டுவந்தது இரண்டு உடுப்பும் குர்ஆனும். வாப்பா கொண்டுவந்தது அந்தப் பிளக்.

*

வண்டியில்லாத வீட்டில் ஒரு பிளக் இருந்தது. அதில்தான் நான் முதன்முதல் அளவு என்பதைப் படித்தேன். ஒரு மத்தியானம் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்த வாப்பா, அதை எடுத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, அதன் முனையில் இருக்கும் இடைவெளியைக் காட்டினார்.

"இதுக்குள்ளதான் நெருப்புப் பாயும். கூடினாலும் பாயாது, குறைஞ்சாலும் சரி வராது."

"எவ்வளவு இருக்கணும் வாப்பா?"

அவர் சவர பிளேட்டுகள் ஐந்தை அடுக்கி அந்த இடைவெளிக்குள் விட்டுக் காட்டினார். ஒரு பிளேட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று என்பதை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் அளவீடு படித்தபோது அறிந்தேன். ஐந்து பிளேட் என்றால் 0.5 மில்லிமீற்றர். வாப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இன்றும் என் வகுப்பில் தசமம் படிப்பிக்கும்போது ஐந்து பிளேட்டை அடுக்கித்தான் தொடங்குகிறேன். அதற்கு என்ன காரணம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

*

2022ஆம் ஆண்டு. பெற்றோல் வரிசையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் கடைசியில் பாடசாலைகளும் மூடப்பட்டன. பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்றார்கள். அது என் சின்ன வண்டிக்குப் போதும். தம்பியின் வண்டி நின்ற இடத்தில் நின்றது.

நிற்கும் வண்டி ஓடும் வண்டியைவிட வேகமாகக் கெட்டுப் போகும். இதை எங்கள் பக்கத்தில் எவரும் ஒத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, அதற்கு அப்பால் புத்தளத்து உப்பளங்கள். காற்றிலேயே உப்பு. ஒரு மாதம் தொடாமல் விட்டால் சில்லுக் கம்பிகளில் செம்புள்ளி விழும். நான் பெற்றோலை அடைத்து, கார்பரேற்றர் கிண்ணத்தின் அடி ஆணியைத் தளர்த்தி அதில் இருந்ததை வடித்தேன். விட்டால் பெற்றோல் காய்ந்து பசையாகி, ஊசி நுழையாத துவாரங்களை அடைத்துவிடும். பற்றரி வயரைக் கழற்றி, முனைகளில் வஸ்லின் பூசினேன். டயர் ஒரே இடத்தில் அமுங்காதிருக்க நடு ஸ்டாண்டில் ஏற்றினேன். துரு விழுந்த குரோமில் தண்ணீர் தொட்டு அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்த்தால் குரோம் கீறாமல் துரு போகும். கடைசியில் ஒயில் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தேன்.

இவ்வளவும் செய்து முடிக்க இரண்டு நாள். பாடசாலை திறக்க இன்னும் நாள் கிடந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

இந்த வண்டியே பழைய உருவத்தில் செய்யப்பட்ட புது வண்டி. ரோயல் என்ஃபீல்ட் இங்கிலாந்தில் ரெடிச் நகரத்துக் கம்பனி. 1955இல் மதராசில் தொழிற்சாலை வைத்தார்கள். இங்கிலாந்தில் 1970இல் கதை முடிந்தது, மதராசில் முடியவில்லை. திருவொற்றியூரில் புல்லட் வண்டி அதே உருவத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. 2009இல் உள்ளே புது எஞ்சினை வைத்து, வெளியே 1950களின் சட்டையைப் போட்டுக் கிளாசிக் என்று விட்டார்கள். உருண்டைப் பெரிய விளக்கு, அதன் தலையில் இரண்டு குட்டி விளக்குகள், கண்ணீர்த் துளி போலத் தாங்கி, ஸ்பிரிங் வைத்த ஒற்றை இருக்கை. ஒருபோதும் அந்தக் காலத்தில் வாழாத பிள்ளைகள் அந்தக் காலத்து வண்டிக்கு ஆசைப்படுகிறார்கள். அப்படியிருக்க, அந்தக் காலத்தைக் கையால் தொட்டவரான வாப்பாவுக்காக அதை இன்னும் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோனால் என்ன என்று நினைத்தேன். இளம் பச்சை. வெண்ணெய் நிறப் பட்டை. பாய் வைக்கும் கரியர்.

வட்ஸ்அப்பில் தம்பியிடம் கேட்டேன். "வாப்பாட நிறமா? அடிங்க காக்கா" என்றான். அவன் அந்த வண்டியைக் கண்டவனல்ல. முகாமில் பிறந்தவன்.

வாப்பாவிடம் கேட்கவில்லை. அதிசயமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரு விதி மட்டும் வைத்துக்கொண்டேன். வண்டி தம்பியுடையது. ஆகவே வெட்டுவதோ, துளைப்பதோ, சட்டகத்தில் ஒட்டுவதோ கிடையாது. நான்கு நட்டைக் கழற்றினால் பழைய நிலைக்கு வர வேண்டும். சைலன்சரையும் தொடவில்லை. நம் நாட்டு இளைஞர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். அந்தச் சத்தம் ஊருக்கும் கேடு, பொலிஸுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டிய பொருட்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கியபோது, இந்த விதியை வைத்ததற்காக அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். நிறத்தை மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். அந்த அலைச்சல் தனிக் கதை.

தாங்கியில் இருந்த பெற்றோலை வடித்து, தாங்கியைக் கழற்றி, காற்றோட்டத்தில் இரண்டு நாள் திறந்து வைத்தேன். 400 இலக்கத் தாளால் தேய்த்து, பிறகு 800 இலக்கத்தால் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். டிங்கரிங் வேலை செய்யும் பழைய மாணவன் ஒருவன் கொம்பிரசரைக் கொண்டுவந்து தந்தான். பச்சையை அவன்தான் கலந்தான். நான் என் நினைவிலிருந்து சொன்னேன். "இன்னும் கொஞ்சம் வெள்ளை, இன்னும் கொஞ்சம்" என்று ஐந்து தடவை. முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு நிறத்தை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? கடைசியில் மழைக்கு முந்திய களப்பின் நிறம் வந்தபோது, காணும் என்றேன்.

என் கஞ்சத்தனத்தால் மலிவான என்.சி. பெயின்ற் வாங்கியிருந்தேன். அன்று மாலை ஈரக்காற்று வேறு. அடித்த அரை மணித்தியாலத்தில் மேலே பால் ஆடை போல வெண்மை படிந்தது. அதைத் தேய்த்து மறுபடி அடித்தேன். நன்றாக வந்தது. தாங்கியைப் பூட்டிப் பெற்றோல் ஊற்றியபோது மூடியருகே இரண்டு துளி சிந்தியது. துணியால் துடைத்தேன். பச்சையும் துணியோடு வந்துவிட்டது. அந்த வகைப் பெயின்றைப் பெற்றோல் கரைக்கும் என்பது பிறகுதான் விளங்கியது. எல்லாவற்றையும் உரித்து, கடினமாக்கி கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயின்றுக்கு மாறி மூன்றாம் தடவை அடித்தேன். மலிவாக வாங்கியதற்கு மூன்று மடங்கு செலவு.

சேவலை மட்டும் போடவில்லை. எங்கள் சித்திர ஆசிரியர் கடதாசியில் வரைந்து தந்த சேவல் காகம் போல இருந்தது.

பின் இருக்கையைக் கழற்றி, அதன் நட்டுகளிலேயே பட்டை இரும்பில் ஒரு கரியர் பூட்டினேன். வீட்டில் பன்பாய் ஒன்று இருந்தது. சுருட்டிக் குறுக்காக வைத்துக் கட்டினேன். கொஞ்சம் அதிகம்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

*

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வண்டியைத் திண்ணைக்கு முன்னால் உருட்டிவந்து நிறுத்தினேன். மனைவியும் பிள்ளைகளும் கதவடியில் நின்றார்கள். வாப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன நிறம் இது?"

"உங்கட வண்டிட நிறம் வாப்பா."

அவர் பாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அத அங்க விட்டுட்டு வந்தது மகன். இங்க என்னத்துக்கு?"

அவ்வளவுதான். அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டார்.

அந்த மாலை என் மனைவி, "ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமே" என்றாள். அவள் சொன்னது சரி. அடுத்தவரின் காயத்துக்கு அவரைக் கேட்காமல் வர்ணம் பூசியிருக்கிறேன். முப்பத்திரண்டு வருடமாக அவர் ஒரு வண்டியைப் பற்றிப் பேசாமல் இருந்தது மறந்ததால் அல்ல. அதை அவர் எங்கேயோ ஓரிடத்தில் அடக்கிவிட்டு வந்திருக்கிறார். நான் தோண்டியெடுத்து முற்றத்தில் நிறுத்தியிருக்கிறேன். அதுவும் 123 சிசி சேவலின் சட்டையை 350 சிசி யானைக்கு மாட்டி! பாயை இரவோடு இரவாக அவிழ்த்து உள்ளே வைத்தேன்.

மூன்று நாள் வாப்பா வண்டி இருந்த பக்கம் திரும்பவில்லை. நானும் தொடவில்லை.

நான்காம் நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தேன். வாப்பா எனக்கு முன்பே வந்திருந்தார். பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, செயினைக் கீழிருந்து ஒரு விரலால் மேலே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தேழு வயது. எப்படிக் குந்தினாரோ.

"செயின் இறுக்கம் கூட."

"அளவுதான் வாப்பா, நான் பாத்துத்தான்…"

"ஆள் இல்லாமப் பாத்திருப்பாய். ஏறி இரி."

ஸ்டாண்டிலிருந்து இறக்கி ஏறி இருந்தேன். என் பாரத்துக்குப் பின்பக்கம் பதிந்தது. வாப்பா செயினைத் தட்டினார். வீணைக் கம்பி போல நின்றது. மேலும் கீழுமாக 25 முதல் 30 மில்லிமீற்றர் வரை ஆட வேண்டியது, அசையவே இல்லை. அப்படியே ஓடியிருந்தால் செயினும் போய், பல்லுச் சில்லும் போய், கியர்ப் பெட்டியின் பெயரிங்கையும் சேர்த்துத் தின்றிருக்கும்.

"ஸ்பானரக் கொண்டா."

அச்சு நட்டைத் தளர்த்தினோம். இரண்டு பக்கக் குறியும் ஒன்றாக வர வேண்டும், இல்லாவிட்டால் சில்லு கோணும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பினேன். சில்லைச் சுற்றி, செயின் ஆக இறுக்கமாக வரும் இடத்தைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் அளவு வைத்தோம். பிறகு மண்ணெண்ணெயால் கழுவி, உலர்த்தி, ஒயில் விட்டோம். மிஞ்சியதை அவரே துணியால் துடைத்தார். "ஒயில் உள்ள போகணும். வெளிய நின்டா மண்ணத்தான் கூப்பிடும்" என்றார்.

"பிளக் எப்ப கழட்டினாய்?"

"இதுக்கு ரெண்டு பிளக் வாப்பா."

"ரெண்டா?" என்றார். "ஒன்டுக்கே இந்தப் பாடு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே போய்ச் சவர பிளேட் எடுத்துவந்தேன். இந்த வண்டிக்கு 0.7 முதல் 0.8 வரை, ஆகவே ஏழு பிளேட். வாப்பா ஒவ்வொன்றாக எண்ணி என் கையில் தந்தார்.

நிறத்தைப் பற்றி அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

*

அதன் பிறகு நான் யோசித்ததை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரு பழைய பொருளின் நிறத்தையும் உருவத்தையும் திரும்பச் செய்துவிடலாம். காசு இருந்தால் கடையிலேயே கிடைக்கும். வெளியேற்றத்தைப் பற்றி எழுதும் எங்களில் சிலரும் அதைத்தான் செய்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வேப்பமரம், கிணற்றடி, பாய் மணம் என்று நிறம் அடிக்கிறோம். நானும் அப்படி எழுதியவன்தான். இழந்தவர்கள் திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, "இங்க என்னத்துக்கு?" என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

ஆனால் செயினின் இறுக்கத்தை விரலால் அறிவது, பிளேட்டால் இடைவெளியை அளப்பது, ஒயிலைத் துடைப்பது — இவை வேப்பமரத்தடியில் விடுபடவில்லை. இவற்றைப் பறிக்க யாராலும் முடியவில்லை. இவை வாப்பாவின் கையிலேயே தோணியேறி வந்துவிட்டன. நான்தான் அவற்றைக் கேட்கவில்லை. நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தபோது, புதிது வாங்கலாம், இதை விற்றுவிடுங்கள் என்று நண்பர்கள் தம்பிக்குச் சொன்னார்களாம். "வேணாம் காக்கா, வாப்பா பாத்துக்கொள்றார்தானே" என்றான். கரியரைக் கழற்றவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றான். அதில் இப்போது பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளைக் கட்டிக்கொண்டு போகிறேன்.

மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். வாப்பாவால் இப்போது குந்த முடியாது. ஒரு முக்காலி போட்டுக் கொடுக்கிறேன். எஞ்சின் ஒயில் வடிக்கும்போது அடி நட்டை நான் இறுக்கினால், "காணும், காணும், அலுமினியம், மரை போயிடும்" என்று கையைப் பிடிப்பார். ஒருமுறை நான் கேளாமல் இறுக்கி மரையைக் கெடுத்து, லேத் கடைக்காரரிடம் கூலி கொடுத்திருக்கிறேன். அதை என் பிள்ளைகளிடம் அவர் பல தடவை சொல்லிவிட்டார்.

பழைய பிளக் பிஸ்கற் ரின்னில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி நான் கேட்பதில்லை. கேட்காமல் எடுப்பதுமில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்த நேற்றிரவு, படுக்கப் போன வாப்பா கதவடியில் நின்று கேட்டார்:

"நாளைக்குத் தூரம் போறாயா மகன்? டயர்ல காத்துப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பேனையை வைத்துவிட்டு எழுந்து போனேன்.